ஸ்டாமென்கா தலையாட்டிய தீவு

அமெரிக்காவில் எனக்கு நான்கு மனைவிகள். இரண்டு தடவை சிறைக்குப் போயிருக்கிறேன். பிச்சையெடுத்துப் பிழைக்கும் உத்தேசத்தோடுதான் அந்த நாட்டுக்குப் போனேன். இவ்வளவையும் ஒரே காலைப் பொழுதில், நின்ற இடத்தை விட்டு நகராமல், வாயைக்கூடத் திறக்காமல் சாதித்தேன். அமெரிக்க அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் கப்பல் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆற்றங்கரை ஊரான லோமின் துறைமுகத்தில் மாரினின் காபிக் கடைக்கு வந்து போகிற எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பித்ததில்லை. சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவன் பெட்டியைத் திறந்து அவன் சொல்லும் பொய்யைக் கேட்டாயிற்று. இப்போது என் முறை. முதலில் இரண்டு மனைவிகளோடுதான் ஆரம்பித்தேன். கேட்கிறவர்கள் முகத்தில் போதாத குறை தெரிந்தது. மூன்றாக்கினேன். ஒரு திராட்சை அறுவடைக்குப் பிறகு, நல்ல ரக்கியாச் சாராயம் இறங்கிய மாலையில், நான்கு ஆனது. அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கும் வயதாகிறது.

கடை மொத்தமும் சிரிக்கும். ஜன்னலோர மேஜையிலிருந்து மட்டும், செய்தித்தாளைத் தாழ்த்தாமல், ஒரு குரல் வரும்:

"பொய்."

அது வெல்கோவ் வக்கீல். எங்கள் ஊரில் அமெரிக்காவுக்குப் போய் அதைப் புத்தகமாகவும் எழுதியவர் அவர் ஒருவர்தான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் சிகாகோவில் நடந்த பெரிய கண்காட்சியைப் பார்க்கக் கிளம்பினார். அதே கப்பலில் நானும் போனேன். அவருடைய புத்தகம் லோமில் வீட்டுக்கு ஒன்று இருக்கும், சாமி படத்துக்குப் பக்கத்தில். நயாகரா அருவி பற்றி அவர் எழுதியதைப் படித்தால் பக்கம் நனைந்துவிடும். மின்சார விளக்கு, ஆளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும் கூண்டு, பன்றிகளை வரிசையாக வெட்டித் தள்ளும் கொட்டகை, எல்லாம் உண்டு. அந்தப் புத்தகத்தில் எனக்கு ஓர் இடமும் கிடையாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. (கொஞ்சம் உண்டு.)

ஆனால் ஸ்டாமென்கா அக்காவுக்கு இரண்டு வரி உண்டு. 'எங்களோடு புறப்பட்ட ஒரு விதவைத் தாய், ஹாவ்ர் துறைமுகத்தில் முதன்முதலாகக் கடலைக் கண்டு நடுங்கி, கப்பலேற மறுத்து ஊர் திரும்பினாள். சிகாகோவில் அவள் மகன் காத்திருந்தான்.' இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உரக்கப் படிக்கும் பாடம் அது. அவள் உயிரோடு இருந்தபோதே படித்தார்கள். பள்ளிக்கூடம் அவள் வீட்டுக்கு எதிரில்.

அந்த மகன் லாசர், இந்த வருஷம் இறந்தவர்களின் சனிக்கிழமைக்கு முதல் நாள், வியன்னாவிலிருந்து வரும் நீராவிப் படகில் லோமில் வந்து இறங்கினான்.

இறந்தவர்களின் சனிக்கிழமையென்றால் ஊரில் யாரும் சும்மா இருப்பதில்லை. பெண்கள் அவித்த கோதுமையும் ரொட்டியும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். மண்ணில் மதுவை ஊற்றி, பெயர் சொல்லி அழுது, திரும்பும் வழியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு பிடி கோதுமை வைப்பார்கள். லாசரோ அன்று காலை அம்மாவின் வீட்டை ஒரு கசாப்புக்காரனுக்கு விற்றான். மத்தியானத்திலிருந்து தோல்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு மாரின் கடையில் மாலைப் படகுக்காகக் காத்திருந்தான். கல்லறைப் பக்கமே போகவில்லை. நாற்பது வயது, தடித்த கழுத்து, அமெரிக்கத் தொப்பி. மூக்கு மட்டும் ஸ்டாமென்கா.

மாரின் அவனிடம் போனான். "காபி போடட்டுமா தம்பி?"

லாசர் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"சரி, உங்க இஷ்டம்" என்று மாரின் திரும்பி வந்துவிட்டான்.

வெகு நேரம் கழித்து லாசர் கையைத் தட்டினான். "ஏங்க, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். காபி என்னாச்சு?"

"நீங்கதானே வேண்டாம்னு தலையாட்டினீங்க!"

"வேணும்னுல்ல ஆட்டினேன்!"

கடை வெடித்துச் சிரித்தது. "அமெரிக்காக்காரன் தலை திரும்பிக்கிச்சுடா" என்று ஒரு மீனவன் மேஜையைத் தட்டினான். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் போகும், இல்லை என்றால் மேலும் கீழும். இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். லாசரும் அப்படித்தான் பிறந்தான். இருபது வருஷத்தில் அவன் தலையை மாற்றி மாட்டிவிட்டார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் வெல்கோவும் தவிர. அவருடைய செய்தித்தாள் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் லாசர் எதிரில் உட்கார்ந்தேன்.

"கல்லறைக்குப் போகலையாப்பா?"

"இல்ல மாமா."

"படகு வர இன்னும் நேரமிருக்கு. நடந்தா இந்தா இருக்கு."

"நேரத்துக்கு என்ன குறைச்சல்." தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தான். "சிகாகோ ஸ்டேஷன்ல மூணு நாள் நின்னேன் மாமா. புதுச் சட்டை, கையில பூ. முதல் நாளே வக்கீலய்யா இறங்கிட்டார். 'உங்கம்மா கடலைப் பார்த்ததும் பயந்து திரும்பிட்டாங்க'ன்னார். நான் நம்பல. அடுத்த வண்டி, அதுக்கு அடுத்த வண்டின்னு பார்த்தேன். பூ வாடிப்போச்சு. அப்புறம் அம்மாவே சாமியாரை வச்சு எழுதினாங்க, பயமா இருந்துச்சுடா கண்ணான்னு. எனக்காக ஒரு தண்ணியைத் தாண்ட முடியலையாம். நான் எதுக்கு மாமா அந்தக் கல்லறை மேட்டை ஏறணும்?"

"உங்கம்மா தாண்டினா."

"என்னது?"

"கடலைத் தாண்டினா. அமெரிக்காவைக் கண்ணால பார்த்தா. நான் கூட நின்னேன்."

லாசர் என்னைப் பார்த்தான். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. ஊரில் எனக்கு நன்கு பழக்கமான சிரிப்பு. "நாலு பொண்டாட்டிக்காரர் நீங்கதானே? படகுலயே சொன்னாங்க, லோம்ல இறங்கினா அவர்கிட்ட மாட்டாம வரமுடியாதுன்னு."

"பொய்" என்றது ஜன்னலோரம். ஆனால் வழக்கமான பொய்யைவிட இது சீக்கிரமாக வந்தது. நான் அதுவரை மனைவிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். அக்காவுக்கு அது வெளியே தெரிய விருப்பமில்லை, அவள் இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போன பிறகும் மனைவிகள் கதையோடு நிறுத்திக்கொண்டேன். மீதி தொண்டையில் நின்றது. இன்றைக்குச் சொல்லவில்லையென்றால் மாலைப் படகோடு எல்லாம் முடிந்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கூட்டாமல் சொல்ல வேண்டும். இது எனக்கு எவ்வளவு சிரமம் என்று லாசருக்கு எப்படித் தெரியும்?

"கேளு" என்றேன். "கேட்டுட்டுப் போ."

ஹாவ்ரில் அவள் நடுங்கவில்லை. என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள். வெல்கோவ் இரண்டாம் வகுப்பில். நாங்கள் இருவரும் அடித்தளத்தில், மூன்றாம் வகுப்பில், வெங்காயமும் ஆட்டுப்பாலாடைக் கட்டியும் மனித வாடையுமாக. எல்லோரும் வாந்தியெடுத்துக் கிடக்கும்போது அவள் கப்பலின் முன்முனையில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருப்பாள். "ஏன் அக்கா, உள்ள வாங்க, காத்து அடிக்குது" என்பேன். "நீ போ குன்சோ. கரை வந்தா யார் முதல்ல பார்க்கறது?" என்பாள். மடியில் சிவப்பு நூல் கட்டிய துளசிக் கொத்து. மகன் வீட்டுக் கதவில் கட்ட.

கரை நெருங்குவதற்கு முன் ஒரு நாள் வெல்கோவ் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எங்கள் தளத்துக்கு இறங்கி வந்தார். "அதிகாரிங்க கேள்வி கேப்பாங்க. நம்ம மொழி அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. பயப்படாதீங்க. கையைக் காட்டிக் கேப்பாங்க, நீங்க தலையை ஆட்டினாப் போதும். தலைக்கு மொழி கிடையாது" என்றார். எங்களுக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது! படித்தவர், வியன்னாவில் படித்தவர். அக்கா அவர் கையை முத்தமிட்டாள்.

இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே விசாரித்து, நேராக நியூயார்க் துறையில் இறக்கிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பை மட்டும் படகில் ஏற்றி எதிரில் இருந்த ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மண்டபம். லோம் நகரத்தைத் தூக்கி அதற்குள் வைத்தால்…

லாசர் புருவத்தைத் தூக்கினான்.

"சரி. நம்ம கோயில் ஆறு கொள்ளும்."

புருவம் இறங்கவில்லை.

"மூணு" என்றேன். "மூணுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

வரிசை வரிசையாக ஆட்கள். எங்களுக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளருக்கு ஜெர்மன் தெரியும். எனக்குத் தெரிந்த ஜெர்மன் ஆஸ்திரியப் படகுகளில் கற்றது: 'திற', 'உள்ளே என்ன', 'வரி கட்டு'. இதை வைத்துக்கொண்டு என்ன பேச? அவர் கையால் நடிக்க ஆரம்பித்தார். மோதிர விரலைக் காட்டி, பிறகு நான்கு விரலைக் காட்டினார். நாலு பெண்டாட்டியா என்று கேட்கிறார்! 'ஐயோ, இல்லை' என்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார், விலங்கு. இல்லவே இல்லை என்று இன்னும் பலமாக ஆட்டினேன். கையை ஏந்திக் காட்டினார், பிச்சை. தொப்பி விழும்படி ஆட்டினேன்.

எழுதுகிற அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சாமியார் பெட்டியில் புகையிலை அகப்பட்டால் சுங்கத்தில் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு. அப்போதுதான் உறைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியர்கள் தலையை ஏறுமாறாக ஆட்டுவதை நான் தினமும் பார்த்தவன்தான். ருமேனியர்கள் மட்டும்தான் அப்படி, அவர்களுக்கு எதுதான் நேராக வந்தது என்று நினைத்திருந்தேன். உலகமே ருமேனியா பக்கம் என்று யார் கண்டது?

பெட்டியைத் திறந்து, சிங்கம் பொறித்த என் சுங்கத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலைக் காட்டி, ஒரே மனைவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். தன் இனத்து ஆள் என்று அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. சிரித்தபடி தோளில் தட்டிப் போகச் சொன்னார். எழுதியதை மட்டும் அடிக்கவில்லை. நான்கு மனைவிகள் அங்கேயே இருக்கிறார்கள்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்து வரிசையில் அக்காவுக்குக் கேள்விகள் முடிந்திருந்தன. பிச்சை எடுப்பாயா? மேலும் கீழும். உனக்கு இங்கே யாராவது உண்டா? இடமும் வலமும், சிரித்த முகத்தோடு. அவளைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

வலை வழியாக என்னைக் கேட்டாள்: "என்ன குன்சோ, எல்லாத்துக்கும் ஒழுங்காத்தானே சொன்னேன்?"

"ஒழுங்காத்தான் அக்கா சொன்னீங்க. இந்த ஊர்ல தலை வேற மாதிரி ஆடுது."

மறுநாள் காலை மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள், அவள் சரியாகப் பதில் சொன்னால் விடுவார்கள், அல்லது சொந்தக்காரன் வந்தால் விடுவார்கள் என்று கையாலும் காலாலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லாசரின் விலாசம் வெல்கோவிடம் இருந்தது. அவர் ஆங்கிலம் கொஞ்சம் பேசுவார், அதோடு வக்கீல். பெரிய ரயில் நிலையத்துக் கடிகாரத்தடியில் சந்திப்பதாகப் பேச்சு. ஓடினேன்.

லாசர் இப்போது காபியைத் தொடவில்லை. ஜன்னலோரம் செய்தித்தாளின் பக்கம் நெடுநேரமாகத் திரும்பவில்லை.

"கடிகாரத்தடியில இவர் நின்னார். தலையில தொப்பி, கையில பை. நயாகராவுக்கு வண்டி கிளம்பப் போகுது. 'வக்கீலய்யா, அக்காவைப் பிடிச்சு வச்சுட்டாங்க, வாங்க'ன்னேன். 'எதுக்குப் பிடிச்சாங்க?'ன்னார். 'தலையாட்டினதுக்கு'ன்னேன். சிரிச்சுட்டார்."

"சிரிச்சாரா?"

"நான் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கப்பா. 'குன்சோ, இந்தக் கதையெல்லாம் மாரின் கடைக்கு வச்சுக்கோ. இது சட்டம் நடக்கற நாடு. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க, நீ கூட்டிக்கிட்டு வந்துரு'ன்னார். விலாசமாவது குடுங்கன்னேன். பெட்டிக்குள்ள இருக்கு, பெட்டி வண்டியில ஏறியாச்சுன்னார். வண்டி ஊதிச்சு. போயிட்டார்."

செய்தித்தாள் அசையவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை.

தீவுக்குத் திரும்பிப் போய் வலைக்கு அருகில் நின்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "நாளைக்குக் கையை ஏந்திக் காட்டினா, இடமும் வலமும் ஆட்டுங்க."

"அப்படின்னா பிச்சை எடுப்பேன்னுல்ல ஆகும்?"

"நமக்கு ஆகும். அவங்களுக்கு ஆகாது."

அவள் ஆட்டிப் பார்த்தாள். கசப்பு மருந்து குடித்த முகம். ஆனாலும் ஆட்டினாள். கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம், இங்க யாராவது இருக்காங்களா, மகன் இருக்கானான்னு கேப்பாங்க. அதுக்கு மேலும் கீழும் ஆட்டணும்."

"மேலும் கீழுமா?"

"ஆமா அக்கா."

"மகன் இல்லைன்னு சொல்லவா?"

"இல்ல அக்கா, அவங்களுக்கு அது இருக்கான்னு ஆகும்."

"எனக்கு?"

அவள் காலுறையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

காலையில் மூன்று பேர் உயரமான மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கம்பிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் மணிக்கட்டைக் குறுக்கே வைத்தார். அக்கா இடமும் வலமும் ஆட்டினாள். சரி. கையை ஏந்திக் காட்டினார். இடமும் வலமும். சரி! நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். மேஜைக்காரர்களில் ஒருவர் திருப்தியாக எழுதினார்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினார். கையை உயர்த்தி, ஓர் ஆள் உயரம் காட்டினார். தரையைச் சுட்டினார். உன் பிள்ளை, வளர்ந்தவன், இங்கே இருக்கிறானா?

அவள் முகவாய் மேலே எழுந்தது. அது கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முகவாய் அங்கேயே நின்றது. அவள் கண் அந்தத் தாலாட்டிய கைகள் மேல் இருந்தது. பிறகு அவள் தலை இடமும் வலமும் ஆடியது. ஆடியது, ஆடியது, முக்காடு நழுவி விழ, நரைத்த பின்னல் அவிழ, "இருக்கான், எனக்குப் பிள்ளை இருக்கான், இருக்கான்" என்று கத்திக்கொண்டே ஆட்டினாள். பிள்ளையை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை, லாசர். பொய்யாகக்கூட முடியவில்லை. கழுத்து மடங்கவில்லை.

நான் கம்பிக்குப் பின்னாலிருந்து என் தலையை மேலும் கீழும், பம்புக் கைப்பிடி மாதிரி ஆட்டினேன். "திற! திற!" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனைக் கத்தினேன். மூவரில் ஒருவர் காகிதத்தைப் புரட்டி என் பெயரைப் பார்த்தார், விரலால் நான்கு என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டினார். நான்கு மனைவிக்காரன் தலையை யார் நம்புவார்கள்?

அழைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்று எழுதி, வந்த கப்பலிலேயே அவளைத் திருப்பி ஏற்றினார்கள்.

"நான் அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கல" என்றேன் லாசரிடம். "கண்காட்சியும் பார்க்கல, நயாகராவும் பார்க்கல. இங்க நான் அளக்கற அமெரிக்கா எல்லாம் வக்கீலய்யா புஸ்தகத்துலேர்ந்து திருடினது. அவகூடவே திரும்பி வந்தேன். போகும்போது முன்முனையில உக்காந்தவ, வரும்போது பின்முனையில உக்காந்தா. பின்னின காலுறையைப் பிரிச்சா. 'ஏன் அக்கா பிரிக்கறீங்க?'ன்னேன். 'இன்னும் பெருசாப் பின்னணும் குன்சோ. அவன் கால் வளர்ந்திருக்கும்'ன்னா."

மாரின் தோளில் துண்டோடு நின்றபடி நின்றான்.

"அப்புறம் ஏன் பயந்துட்டேன்னு எனக்கு எழுதினாங்க?" என்றான் லாசர்.

"இலையுதிர் காலத்துல இவர் ஊருக்கு வந்து, அவ ஹாவ்ர்லேயே திரும்பிட்டான்னு ஊர் பூராச் சொல்லியிருந்தார். நான் சண்டைக்குப் போகக் கிளம்பினேன். உங்கம்மா தடுத்தா. 'அதுவே இருக்கட்டும். பிச்சைக்காரின்னு திருப்பி அனுப்பினாங்கன்னு என் பிள்ளைக்குத் தெரிஞ்சா அங்க எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்? பயந்தாங்கொள்ளின்னு இருந்துட்டுப் போறேன்'னா."

லாசர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நல்லாச் சொல்றீங்க மாமா. கேக்கவும் ஆசையா இருக்கு. அதான் பயமா இருக்கு. எனக்கு இதமா இருக்கட்டும்னு நீங்க இப்பவே இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லக்கூடியவர்தானே?"

சொல்லக்கூடியவன்தான். எத்தனை வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர்! என் முகத்திலேயே வந்து விழுந்தது.

லாசர் நாற்காலியைத் திருப்பினான். "வக்கீலய்யா. சிகாகோ ஸ்டேஷன்ல என் முகத்தைப் பார்த்து நீங்க ஒண்ணு சொன்னீங்க. புஸ்தகத்துலயும் எழுதியிருக்கீங்க. இவர் வேற சொல்றார். எங்கம்மா அந்தத் தீவு வரைக்கும் வந்தாங்களா?"

செய்தித்தாள் தாழ்ந்தது. வெல்கோவுக்கு அவ்வளவு வயதாகிவிட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். வாசலில் கல்லறையிலிருந்து திரும்பிய பெண்கள் இருவர் கோதுமைக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்கள். துறையில் மாலைப் படகு ஊதியது.

வெல்கோவின் தலை அசைந்தது. இடமும் வலமும், மிக மெதுவாக.

கடைக்குள் எல்லோரிடமிருந்தும் ஒரு பெருமூச்சு எழுந்தது. வாசலில் ஒருத்தி சிலுவைக் குறி போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அப்பாடா என்று. கண்ணைத் திறந்தபோது லாசர் எழுந்து நின்று தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். தோல்பை கையில் இருந்தது. முகம் கல்.

"தெரியும்" என்றான் என்னிடம். "பரவாயில்ல மாமா. நல்ல மனசுலதான் சொன்னீங்க."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவனுக்கு அது இல்லை. இருபது வருஷமாக அது அவனுக்கு இல்லை! வெல்கோவைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. காபி விஷயத்தில் சிரிக்காதவர்கள் நாங்கள் இருவர்தானே. கடைக்கு ஆமாம், லாசருக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தலையாட்டலில் முடித்துக்கொண்டு செய்தித்தாளைத் தூக்கப் போனார்.

வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல்கள் என்று ஆயிரம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் நிஜமாகவே செய்தேன். அந்தச் செய்தித்தாளைப் பிடித்து இழுத்தேன். நடுவில் கிழிந்தது.

"வாயால சொல்லுங்க வக்கீலய்யா! தலைக்கு மொழி கிடையாதுன்னு எங்களை அனுப்பினது நீங்கதானே? வியன்னாவில நாலு வருஷம் படிச்சீங்களே, அங்க தலை எந்தப் பக்கம் ஆடும்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு தடவை தலையாலேயே அவளை அனுப்பிட்டீங்க. இவனையும் அனுப்பாதீங்க. வாயைத் திறங்க!"

லாசர் வாசலில் நின்றுவிட்டான்.

வெல்கோவ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிழிந்த பாதித் தாள் அவர் கையிலேயே இருந்தது.

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும் குன்சோ. கப்பல்ல உங்ககிட்டச் சொல்லும்போது மறந்துட்டேன். ஸ்டேஷன்ல நீ தலையாட்டினதுக்குன்னு சொன்ன உடனே ஞாபகம் வந்துருச்சு. அதனாலதான் சிரிச்சேன். திரும்பி வந்திருந்தா அருவியைப் பார்த்திருக்க முடியாது." அவர் லாசர் பக்கம் திரும்பினார். தலையை அசைக்காமல், யாரோ பிடித்து வைத்திருப்பது போல நேராக வைத்துக்கொண்டு பேசினார். "சிகாகோவில உன் கையில பூவைப் பார்த்தேன். உங்கம்மாவைக் காவல்ல விட்டுட்டு நான் அருவி பார்த்துட்டு வர்றேன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு நாள்ல வந்துருவாங்க, அப்புறம் சிரிச்சுக்கலாம்னு ஒரு பொய் சொன்னேன். அவங்க வரல. பொய் அப்படியே நின்னுபோச்சு. வந்தாங்க லாசர். கடலைத் தாண்டி வந்தாங்க. இவன் சொன்னது நடந்தது. எல்லாமே நடந்தது."